இருபத்தைந்து சொல்

நீடாமங்கலம் தபாலாபீசில்
தந்திக்குச் சொல் எண்ணுவது என் வேலை.
'அப்பா காலமானார் புறப்படு' என்றால் மூன்று.
அழுகைக்குக் கட்டணம் கிடையாது,
கையெழுத்துக்கு உண்டு.

அந்த எண்ணிக்கைக்காகத்தான் என்னிடம் வந்தார்
லோதர் கார்ஃபங்கெல்.
வெண்ணாற்றங்கரை ரைஸ்மில்லில்
ஜெர்மன் எஞ்சினுக்கு வைத்தியம் பார்த்தவர்.
எஞ்சினும் அவரும் ஒரே தேசம்.
எஞ்சினை அங்கே யாரும் விரட்டவில்லை.

யூதர் என்று அங்கே பட்டறையைப் பிடுங்கினார்கள்.
ஜெர்மன்காரர் என்று இங்கே
சண்டை மூண்ட வாரமே போலீஸ் கூட்டிப்போனது.
ஏழு மாதம் வடக்கே முள்வேலிக்குள்.
திரும்பியதும் திங்கள்தோறும் ஸ்டேஷனில் கையெழுத்து.
ஏட்டு பக்கிரிசாமி நாற்காலி இழுத்துப் போடுவார்,
இவர் நின்றபடியே எழுதுவார்.

பிரெஸ்லாவில் தாயார் செல்மா, தங்கை ஹெட்விக்,
தங்கை மகள் ஹன்னெலோரே, ஒன்பது வயது.
செஞ்சிலுவைப் படிவத்தில் எழுதலாம்,
குடும்பச் செய்தி மட்டும்,
இருபத்தைந்து சொல்லுக்கு மேல் போகாமல்.
ஜெனீவா சுற்றிப் போகும்.
அதே தாளின் முதுகில் பதில் வரும்,
அதற்கும் இருபத்தைந்து.

புரியாத பாஷை. விரல் வைத்து எண்ணினேன்.
ஒரு சொல் ரயில்பாலம் மாதிரி நீண்டு கிடந்தது.
"இது ஒன்றா?"
"ஒன்றுதான். ஒட்டி எழுதுவோம்."
எங்களிடமும் இருக்கிறது என்றேன்:
எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
மூன்று தரம் சொல்லச் சொன்னார்.
அதற்கும் ஒரே கட்டணமா என்று கேட்டு
அன்றைக்கு மட்டும் சிரித்தார்.

முதல் பதிலை எனக்கு வாசித்துக் காட்டினார்:
நலம். ஹன்னெலோரேக்குப் பல் விழுந்தது.
சின்ன அறைக்கு மாறினோம்.
பியானோ இல்லை, அதனால் இடம் போதும்.

இரண்டாவதில் பதினோரு சொல்தான் இருந்தது.
இடம் இருந்தும் ஏன் எழுதவில்லை என்றேன்.
தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நாற்பத்தொன்று டிசம்பர், சம்பா கதிர் வாங்கும் சமயம்.
மூன்றாம் படிவம். எண்ணினேன், பத்தொன்பது.
"இன்னும் ஆறு பாக்கி சார்."
"அது ஹன்னெலோரேக்கு இருக்கட்டும்.
நிறையப் பேசுகிற பிள்ளை."

அது திரும்பி வந்தபோது
வாய்க்கால் தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது.
முதுகு வெறுமை. முகப்பில் ஊதா முத்திரை.
அவரே வாசித்தார்:
'முகவரி தெரிவிக்காமல் புறப்பட்டுவிட்டனர்.'

என்னிடமும் முத்திரைகள் உண்டு.
வீடு பூட்டியிருக்கிறது. வாங்க மறுத்தார். காலமானார்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு தபால்காரன்
ஏதோ வாசலில் நின்று கூப்பிட்டிருப்பான்.
இந்த ஊதாவைக் குத்தியவன் யாரைக் கூப்பிட்டான்?

மேட்டூர் திறந்து
கடைமடைக்குத் தண்ணீர் வராமல் போனால்
எந்த மதகில் நின்றது என்று போய்ப் பார்த்துவிடலாம்.
அவரிடம் ஒரு சைக்கிள் இருந்தது.

நாற்பத்தாறில் கடிதம் வந்தது.
பெயர் மூன்று.
தேதி ஒன்றே ஒன்று:
நாற்பத்தொன்று, நவம்பர் இருபத்தொன்பது.

"அன்றைக்கு இங்கே என்ன நடந்தது?" என்றார்.
பழைய பேரேட்டைத் தூசி தட்டி எடுத்தேன்.
கார்த்திகை பதினாலு, சனி. மழை.
மணியார்டர் நாலு. தந்தி ஒன்று:
'ஆண் குழந்தை இருவரும் நலம்.'

அடுத்த பக்கம் புரட்டியிருக்கக் கூடாது.
டிசம்பர் ஒன்பது:
கார்ஃபங்கெல், செஞ்சிலுவை, ஒன்று.
என் கையெழுத்து, மை கூட மங்கவில்லை.

இரண்டு தேதிக்கும் நடுவே விரல் வைத்து
பத்துவரை எண்ணினார், அவர் பாஷையில்.
மில் சங்கு ஊதியது.
பெல்ட் மாற்ற வேண்டும் என்று எழுந்தவர்
வாசலில் நின்றார்.
"அந்த நீளமான சொல். இன்னொரு தரம்."

எதிர்பார்த்துக்கொண்டிரு
என்பதுவரை வந்து நா நின்றுவிட்டது.
அதற்கப்புறம் காலம் வர வேண்டும்.